எல்லாரும் தண்ணீர் ஊற்றிய ரோஜா

இன்று காலை என் மருமகள் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலோரம் ஆசையாய் வளர்த்த செடி. இலையெல்லாம் மஞ்சளடித்துத் தொங்கியது. தொட்ட இடத்தில் ஒன்று கழன்று கையோடு வந்தது. "ஒரு நாள் தவறாம தண்ணி ஊத்தறனுங்க அத்தை. அப்படியும் வாடுது" என்றாள். நான் குனிந்து மண்ணை முகர்ந்தேன். புளித்த கஞ்சியும் குட்டைச் சேறும் கலந்த மாதிரி ஒரு வாடை. அது மூக்கில் ஏறிய மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மருமகள் பயந்துபோய்ப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உன்னிடமானால் ஒன்றுமே சொல்ல வேண்டியிருந்திருக்காது. அந்த வாடை என்றால் போதும், நீயும் சிரித்திருப்பாய். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன், நீ இல்லை என்று தெரிந்தே.

நான் ராசிபுரத்துக்கு வந்தது யுத்த காலத்தில். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்பக்கம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடின. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓடிய அப்படியொரு பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கண்டக்டர். நானோ எருமப்பட்டிப் பக்கம் காட்டுக்கு நடுவே தனி வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமான கையோடு, நாலு குடித்தனமும் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த வளவில் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வீட்டில் யாராவது தும்மினால்கூட எனக்குத் திடுக்கென்றது. அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன். எதிர் வீடு உன்னுடையது. நூல் கிடைக்காமல் உன் வீட்டுத் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. உன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

வளவின் சொந்தக்காரரை நாமெல்லாம் நெய்க்காரர் என்றே சொல்வோம். ஊர் ஊராய் நெய் அனுப்பி வியாபாரம் செய்தவர். மனைவி போனபிறகு கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, முற்றத்தை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆளை நிழலாகத்தான் தெரியும். அந்த அம்மா ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பன்னீர் ரோஜா ஒன்று முற்றத்தின் கூரையோரம் பெரிய மண்தொட்டியில் இருந்தது. அவர் தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி, காய்ந்த இலையைக் கிள்ளிப் போடுவார். பூ விரிந்தால் குனிந்து முகர்வாரே தவிர, அதன் நிறம் அவருக்குத் தெரிந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்த மாசிக் கடைசியில் மகள் வந்து அவரைக் கோயமுத்தூருக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனாள். கட்டு அவிழ்த்து, கண் தேறி வர மாசக்கணக்காகும் என்றார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள், கதவருகே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, அந்தச் செடிய உன்னய நம்பித்தான் உட்டுட்டுப் போறேன். கண்ணு தெளிஞ்சு வந்தா, மொதல்ல அதுல ஒரு பூவப் பாக்கோணும். மத்தவங்ககிட்டச் சொல்லாத. என்னய நம்பலியான்னு மனசு சங்கடப்படுவாங்க."

புதிதாக வந்த என்னை ஒருவர் இப்படி நம்பியதே எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. தலையை ஆட்டினேன். அவருக்கு அது தெரியாதே என்று பிறகுதான் உறைத்து, "சரிங்க" என்றேன்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் இலைகள் வெளிற ஆரம்பித்தன. முதலில் அடியிலைகள். பிறகு நடுவில். மொட்டு ஒன்று விரியாமலே கழுத்தொடிந்து கறுத்தது. ஒரு காலையில் தொட்டியைச் சுற்றி இலை கொட்டிக்கிடந்ததைப் பார்த்து, செம்பும் கையுமாய் நின்று அழுதுவிட்டேன். உன் கதவு திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"ஏம் புள்ள, செடிதான வாடுது. நீ எதுக்குக் கூட வாடற?"

அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. பதிலுக்குக் காத்திராமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்திவிட்டாய். இலையைத் திருப்பிப் பார்த்தாய். தண்டை நெருடிப் பார்த்தாய். வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வெய்யிலுதான்" என்று தீர்ப்பு சொன்னாய். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தொட்டியை நிழலுக்கு நகர்த்தினோம். ஒரு வாரம் பார்த்தோம். இன்னும் மஞ்சள்.

"நெழலு ஒத்துக்கல" என்றாய். மறுபடி வெயிலுக்கு நகர்த்தினோம். அடுத்து, இலைக்காம்பில் வெள்ளையாய் ஒட்டியிருந்த மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தாய். இரண்டே இரண்டு பூச்சி. அதற்குப் புகையிலையை ஊறவைத்து, துணியில் நனைத்து, ஒவ்வொரு இலையாய் இரண்டு பேரும் துடைத்தோம். வாடை தாங்காமல் நீ தும்ம, நான் தும்ம, உன் புருஷன் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்து, "செடிக்கு வைத்தியமா, உங்க ரெண்டு பேருக்கா?" என்று கேட்டார். பூச்சி போயிற்று. மஞ்சள் போகவில்லை. அப்புறம் அதற்குப் பசி என்றாய். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினோம். பிறகு கண்ணேறு என்றாய். கொம்பில் ஒரு சோழியைக் கட்டினாய். ஒவ்வொன்றையும் அவ்வளவு நிச்சயமாய்ச் சொல்வாய். தப்பாய்ப் போனால் ஒரு துளி வெட்கமில்லாமல் அடுத்ததுக்குப் போய்விடுவாய். நானோ வீட்டில் ஒரு குழம்புக்கு உப்புக் கூடினால் இரண்டு நாள் குமைகிறவள். உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செடி நலியத்தான் செய்தது. நானோ கதவைச் சாத்துவதை மறந்துபோனேன்.

சித்திரை வந்தது. முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாத வெயில். ஒரு மத்தியானம் நீ வடகம் காயப்போட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி வந்தவள், சர்ரென்று வழுக்கி மல்லாக்க விழுந்தாய். நான் பதறி ஓடிவந்தேன். நீ விழுந்த இடத்திலேயே கிடந்தபடி உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளங்கை பச்சையாக இருந்தது.

"புள்ள, இந்த வெய்யில்ல பாசி எங்கிருந்து வருது?"

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தோம். அதன் அடிக்கல் கறுப்பாய் நனைந்து, சுற்றிலும் வெல்வெட்டுப் போலப் பாசி படர்ந்திருந்தது. வாடுகிறதே என்று இலையைத்தான் பார்த்தோமே ஒழிய, அத்தனை நாளும் மண்ணில் யாரும் விரலை விட்டுப் பார்க்கவில்லை. நீ விட்டாய். கணுக்கணுவாய் உள்ளே போயிற்று, சேற்றில் போவதுபோல. எடுத்து முகர்ந்து, என் மூக்கிலும் நீட்டினாய். அன்றைக்குத்தான் அந்த வாடை.

"நான் காலைல ஒரு செம்புதான ஊத்தறேன்" என்றேன்.

"ஒரு செம்புக்கா இந்தக் கதி?" என்று யோசித்தாய். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உன் வீட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாய். "பேசாம இரு. பாப்போம்."

அந்த மத்தியானத்தை நான் எத்தனை முறை நினைத்துச் சிரித்திருக்கிறேன் தெரியுமா? முதலில் மூன்றாம் வீட்டுத் தபால்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் காக்கிச் சட்டையை விடாத மனிதர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் விசிறிக்கொண்டே போனார். அடுத்து இட்லிக்கார அம்மா, அரிசி களைந்த தண்ணீரை ஒரு சட்டி நிறைய. ஊற்றிவிட்டு, "குடி சாமி, குடி" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு புரள ஆரம்பித்தது. நீ என் வாயைப் பொத்தினாய். அடுத்ததாக, தறிக்குழியிலிருந்து மெதுவாக எழுந்து, பூனைபோல நடந்து, நம் மேல் இடிக்காத குறையாகக் கதவைத் தாண்டிப் போனது உன் புருஷன். அவர் கையிலும் ஒரு செம்பு.

உன் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. அதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரர் வந்தார். முகமெல்லாம் கரிப்புகை. தோளில் தோல் பை. வீட்டுக்குள்கூட நுழையவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், பஸ்ஸில் கொண்டுபோகும் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தார்.

அதற்குமேல் தாங்கவில்லை. நீ என் வாயைப் பொத்த, நான் உன் வாயைப் பொத்த, இரண்டு பேரும் கதவோடு சேர்ந்து முற்றத்தில் போய் விழுந்தோம். எங்கள் வீட்டில் பெண்கள் முந்தானைக்குள்தான் சிரிப்பார்கள். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக, நாலு வீடும் வெளியே வந்து பார்க்கும்படி, கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தேன். கையில் புட்டியோடு நின்ற என் வீட்டுக்காரர், "இவளுக்கு இப்படியெல்லாம் சிரிக்கத் தெரியுமா?" என்று உன் புருஷனைக் கேட்டார்.

வளவே முற்றத்தில் கூடியது. தபால்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒத்துக்கொண்டார். "என்னைய நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்னாருங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு."

"என்கிட்டயும் அதேதான சொன்னாரு" என்றாள் இட்லிக்கார அம்மா. உன் புருஷன் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லியிருந்தாராம். எல்லாரையும் இடுப்பில் கைவைத்துத் திட்டிக்கொண்டிருந்த நீ திடீரென்று பேச்சை நிறுத்தினாய். எல்லாரும் உன்னைப் பார்த்தோம்.

"சரி சரி. நானும் சாயங்காலம் ஒரு செம்பு ஊத்துனேன்" என்றாய்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்தபின் தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம். செடி சாகக் கிடந்தது. அவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, பார்வை வந்துவிட்டது என்று அவர் மச்சினன் வந்து சொல்லிவிட்டும் போயிருந்தார்.

மறுநாள் காலை தொட்டியைச் சாய்த்து, மண்ணோடு செடியை உருவினோம். தொட்டியின் ஓட்டை பழைய வேரும் சுண்ணாம்புக் கசடும் சேர்ந்து கல்லாய் அடைத்துப்போயிருந்தது. ஊற்றிய தண்ணீரில் பாதி விளிம்பில் வழிந்து கல்லில் பாசியாயிற்று. மீதி உள்ளேயே நின்றது. வேர்கள் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து கொழகொழவென்று வந்தன. நீ அவற்றை ஒவ்வொன்றாய் விரலால் நசுக்கிப் பார்த்தாய். நசுங்கியதை எல்லாம் நூல் வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினாய். நான் பயந்து பயந்து, "இன்னும் வெட்டோணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் வெளுப்பாய், விறைப்பாய்க் கொஞ்சம் வேர் மிஞ்சியது. அதைக் கழுவி, வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவினோம். வேர் குறைந்தால் கிளையும் குறைய வேண்டாமா என்று நான்தான் சொன்னேன். எங்கள் காட்டில் கத்தரி நாற்றைப் பிடுங்கி நடும்போது அப்பா இலையைக் கிள்ளிப்போடுவது நினைவிருந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாய். காய்ந்த கிளைகளை, உள்ளே பச்சை தெரியும் இடம்வரை, நானே வெட்டினேன்.

தபால்காரர் கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறந்தார். என் வீட்டுக்காரர் பஸ் அடுப்புக்குப் போடும் கரியில் ஒரு டப்பா கொண்டுவந்தார். அடியில் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் கரித்துண்டு, அப்புறம் ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து போட்டு, செடியை நட்டு, தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தோம். அடியில் காற்றுப் போகட்டும் என்று. பார்ப்பதற்கு என்ன இருந்தது? மூன்று மொட்டைக் குச்சிகள்.

அடுத்தது எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வைத்தியம். சும்மா இருப்பது. மண்ணில் விரலை விட்டு, இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்று நீ சட்டம் போட்டாய். "என்னயக் கேக்காம எவராச்சும் ஊத்துனா, அவுங்க சோத்துல ஊத்துவேன்." நாலு வீட்டுக்காரர்களும் வெறும் கையோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இட்லிக்கார அம்மா அரிசிக் கழுநீரைச் சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள்.

வைகாசி முடியும் சமயம், இன்னும் இரண்டு நாளில் நெய்க்காரர் வருகிறார் என்று சேதி வந்தது. குச்சி குச்சியாகவே நின்றது. என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். சேலத்தில் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி ரோஜா, பூவோடு இருக்கிறது, பஸ்ஸில் ஏற்றிவந்துவிடலாம். அவர் கண்ணால் பார்த்தா வளர்த்தார், எப்படித் தெரியப்போகிறது? நல்ல மனசோடு சொன்னதுதான். நான்கூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாய்.

"பூவப் பாக்கோணும்னு மட்டுமுன்னா அவரு கோயமுத்தூர்லயே பாத்திருப்பாருங்க. இது அந்தம்மா கைவெச்ச செடி. போனாலும் இதுதான் போவோணும்."

அவர் வந்து இறங்கினார். தடித்த கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டு மடங்கு பெரிதாய்த் தெரிந்தது. ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்த்தார். நான் "வாங்க" என்றதும் என்னைப் பார்த்து, "நீதானா சாமி? குரலுக்குச் சின்னப் புள்ளைன்னுதான் நெனச்சேன். சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு தொட்டியைப் பார்த்தார். நீ முன்னால் போய், ஒன்றையும் மறைக்காமல், ஐந்து செம்பும் ஒரு சட்டியும் ஊற்றிய கதையைச் சொன்னாய்.

அவர் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, குச்சியை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். மண்ணுக்குச் சற்று மேலே ஒரு பழைய முடிச்சில் விரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"அவதான்" என்றார்.

சேலத்து ரோஜாவை நினைத்து என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. நெய்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னும் குனிந்து, சுவரோரம் இருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். "இங்க என்ன செவப்பா?"

நாம் தினமும் பார்த்தோம். அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. முடிச்சுக்குக் கீழே, அரிசிமுனை அளவுக்கு ஒரு துளிர், ரத்தச் சிவப்பில். புதுக் கண்ணோடு வந்தவர்தான் அதை முதலில் கண்டார். இட்லிக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தபால்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நெய்க்காரர் நம் எல்லாரையும் அண்ணாந்து பார்த்து, "ஒருத்தரு மறந்தாலும் இன்னொருத்தரு ஊத்துவீங்கன்னுதான் எல்லாத்துகிட்டயும் சொன்னேன். ஒருத்தருகூட மறக்க மாட்டீங்கன்னு நெனைக்கலீங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், எழுந்திருக்க முடியாமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு முதல் பூ. அந்த அம்மா இருந்த காலத்தில் புதிதாய்க் குடிவந்தவளுக்குத்தான் முதல் பூவாம். நெய்க்காரர் பறித்து உன்னிடம் தர, நீ என் தலையில் வைத்தாய். வைக்கும்போது முள் குத்தியது. அப்போதும் சிரித்தோம்.

பிற்பாடு நாங்கள் சேலத்துக்குப் போனோம். உன் பிள்ளைகள், என் பிள்ளைகள், கல்யாணங்கள் என்று காலம் ஓடியது. போன மார்கழியில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ படுக்கையில் இருந்தாய். மகன் ஒரு டானிக், மகள் ஒரு கஞ்சி, மருமகள் ஒரு கஷாயம் என்று வரிசையாய் நின்றார்கள். எல்லாரும் வெளியே போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "எனக்கு அடியில ஓட்டை அடைச்சுப்போச்சு புள்ள. இவுங்க ஊத்தறத நிறுத்த மாட்டேங்கறாங்க" என்றாய். நான் எதுவும் வாங்கிவந்திருக்கவில்லை. அன்று முழுக்க உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது போதும் என்றாய்.

உன் காரியத்தன்று வீடு நிறைய ஜனம். பெண்கள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தோம். உன் மகள், நீ ஒருமுறை தீபாவளிக்கு முறுக்கு மாவில் உப்புக்குப் பதில் சோடா மாவைக் கொட்டிவிட்டு, "இது புது ருசி" என்று ஊரெல்லாம் பங்கிட்ட கதையைச் சொன்னாள். நான் கேள்விப்படாத கதை. எனக்கு அடக்க முடியவில்லை. அந்தத் துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லாத் தலையும் திரும்பியது. வயசான பொம்பளைக்கு இங்கிதம் தெரியவில்லையே என்று எனக்கே உடம்பு கூசியது.

உன் மகள் மட்டும் எழுந்து வந்தாள். என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா சிரிங்க பெரியம்மா" என்றாள். "எங்கம்மா சிரிக்கறாப்பலயே இருக்குதுங்க."